அவசரமாக மேலே வந்தவர்

“அவர் இப்ப பதினெட்டு மீட்டர் ஆழத்துல இருக்கார். நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

ஆபரேட்டர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

அது ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. அறையை அடைத்துக்கொண்டு, ஆபரேட்டர் இயக்கும் ஒரு பெரிய இரும்பு உருளை கிடந்தது. அதன் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தால், உள்ளே அவர் முகமூடியோடு படுத்திருப்பது தெரியும். பக்கத்தில் ஒரு நர்ஸ். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடைத்த காற்றின் அழுத்தத்தைத்தான் ஆழம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். வெளியே இருந்த மீட்டரில் முள் பதினெட்டில் நின்றது.

கடலுக்கடியில் போகிற குழாய்களைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். இருபது வருஷ டைவர். அன்று காலை முப்பது மீட்டர் ஆழத்தில் நாற்பது நிமிஷம் வேலை பார்த்துவிட்டு, வழியில் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். படகில் ஏறிய பத்தாவது நிமிஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. ஆம்புலன்ஸில் கூட வந்தவள் அவள்தான். அண்ணனா என்று ஆபரேட்டர் கேட்டதற்கு, “அண்ணன்தான்” என்றாள்.

ஜன்னலுக்குப் போனாள், தண்ணீர்க் கேனுக்குப் போனாள், திரும்பி முள்ளைப் பார்த்தாள். மறுபடியும் ஜன்னல். ஆபரேட்டர் எத்தனையோ சொந்தக்காரர்களைப் பார்த்தவர். அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர்களைத்தான் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அவர் விஷயத்தை விளக்கிச் சொல்லி நிறுத்திவைப்பார்.

ஆழத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும், நின்று நின்று மேலே வந்தால் மூச்சோடு போய்விடும், அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்திலேயே குமிழி கிளம்பிவிடும் என்றார். டைவர்கள் இதைப் பெண்ட்ஸ் என்பார்கள். அண்ணனுக்குக் குமிழி போய் உட்கார்ந்திருப்பது முதுகுத்தண்டில். அதனால் ஆளை மறுபடியும் ஆழத்துக்கே கொண்டுபோய், குமிழியை நசுக்கி, சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும். இந்த சிகிச்சைக்கும் டைவ் என்றுதான் பெயர்.

சோடா பாட்டில் என்றதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவள் ஆட்டவில்லை.

“கால் விரல் அசையுதா?” என்று மட்டும் கேட்டாள்.

இன்னும் இல்லை.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை முகமூடியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விடுவார்கள். ஏர் பிரேக் என்று அதற்குப் பெயர். இரண்டாவது ஏர் பிரேக்கில், பாவம் என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார் ஆபரேட்டர். வாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவர்தான் பேசினார்.

“நீ ஏன் இங்க நிக்கிறே? வீட்டுக்குப் போய்ப் படு.”

அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது ஏர் பிரேக் நேரத்தில் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒரு ஃபைலோடு வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். அவருக்கு யாரையும் தெரியாது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வழியில் நிற்காமல் மேலே வந்தால் லைசென்ஸ் ரத்து என்பது விதி, தகுந்த காரணம் இருந்தால் எழுதிக்கொள்ளலாம் என்றார். பிறகு மைக்கில் கேட்டார்.

“புதுசா வர்றவங்களுக்கு நின்னு நின்னு வரணும்னு சொல்லிக்கொடுக்கிறதே நீங்கதானாமே. நீங்க ஏன் நிக்கல?”



“நேரத்தைப் பார்க்க மறந்துட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. என் தப்புதான், எழுதிக்குங்க.”

அதிகாரி எழுதினார். இருபது வருஷ உழைப்பு ஒரே வரியில் போகிறதே என்று ஆபரேட்டருக்கு மனசு கேட்கவில்லை.

அப்போது கண்ணாடிக்குள் நர்ஸ் கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினார். இடது கால் பெருவிரல் அசைந்துவிட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நேராக அதிகாரியிடம் போனாள்.

“அந்த வரியை அடிங்க சார்.”

தங்கச்சியின் வேதனை புரிகிறது என்றார் அதிகாரி. ஆனால் சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்ட பிறகு யார் சொல்லியும் அடிக்க முடியாது என்றார். மைக் திறந்தே இருந்ததால் எல்லாம் உள்ளே கேட்டது; அவர் தலையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாடியைத் தட்டினார். அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் கூடப் பொறந்த தங்கச்சி இல்ல சார், கூட வேலை செய்யிற டைவர். காது ஜவ்வுல ஓட்டை விழுந்திருக்கு, தண்ணியில இறங்கவே கூடாதுன்னு டாக்டர் தடை போட்டிருந்தார். அவர் இறங்கி அரைமணிக்கு மேல ஆனப்புறம், ஆள் பத்தலைன்னு யாருக்கும் தெரியாம நானும் இறங்கினேன். கீழ போன மூணாவது நிமிஷம் தலை சுத்தி, வாயில இருந்த காத்துக் குழாய் நழுவி மயங்கிட்டேன்.”

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

“நின்னு நின்னு மேல வந்திருந்தா அவர் கால் நல்லா இருந்திருக்கும். அவர் கையில இருந்த நான்தான் செத்திருப்பேன்.”