மூன்றாவது சிலிண்டர்

"அப்பா, இதைக் கொஞ்சம் கேட்டுட்டு என்ன கோளாறுன்னு சொல்லுங்களேன்," என்று மகள் செல்போனை நீட்டினாள்.

ஃபோர்மேன் நாளிதழை மடித்து வைத்தார். பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றபோது சாவி, சீருடை எல்லாவற்றையும் ஒப்படைத்தவர் இந்தப் பட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தன் காதுக்குத் தனியாக ஓய்வூதியம் தந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் இங்கிருந்தே "பேரிங் போச்சு" என்பார். மாப்பிள்ளை முதல்முறை வந்தபோது முகத்தைப் பார்க்கும் முன்பே அவர் பைக்கின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பையன் சோம்பேறி, ஆயில் மாத்தறதில்ல" என்று சான்றிதழ் கொடுத்தார். ஒருநாள் தலைக்கு மேல் போன விமானத்தை அண்ணாந்து பார்த்து, "இடது பக்க என்ஜின் சரியில்ல" என்றவர், விமானியிடம் சொல்ல வழியில்லாமல் இரவு வரை சோறு தண்ணி இல்லாமல் தவித்தார்.

இப்போது செல்போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். உதட்டைச் சுழித்தார்.

"டீசல் வண்டி. மிஸ்ஃபயர் ஆகுது."

"அப்படின்னா?"

"நாலு சிலிண்டரும் மாத்தி மாத்தி எரியணும்மா. இதுல மூணாவது லீவு போட்டுட்டு உக்காந்திருக்கு. நல்லாத்தான் ஓடிட்டிருக்கு, இந்தா, சட்டுனு நிக்குது பாரு. அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கிட்டுக் கெளம்புது."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "நடுவுல ஒரு விசில் சத்தம் வருதே, அது?"

"பரவாயில்லையே, உனக்குக்கூட கேட்டிருக்கு. அதுதான் டர்போ. காத்தை அழுத்தி உள்ள தள்ளுறது அதோட வேலை. இது விசில் மட்டும்தான் அடிக்குது, காத்து போகல. போற வழியில எங்கயோ அடைப்பு. காத்தே இல்லாம என்ஜின் எப்படி இழுக்கும்? மேடு ஏறச் சொன்னா அழுதுடும். எத்தனை வருஷத்து வண்டி?"

"பழசுதான்," என்றாள் மனைவி. "பாத்தா தெரியாது. போன வாரம்தான் கறுப்பு அடிச்சிருக்கு."

"முழுக்கவா?"

"மேல மட்டும்."

"உள்ள என்ஜின் செத்துக்கிட்டிருக்கு, மேல பெயின்ட் ஒரு கேடு." ஃபோர்மேன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யாரு அந்த மகானுபாவன்?"

"நமக்கு வேண்டியவர்தான்பா," என்றாள் மகள். "போய்க் காட்டலாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சத்தமே வரலைங்கறாரு. நாங்கதான் கதை கட்டறோமாம்."

"சத்தமே வரலையாமா? காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டிருக்கானா? இந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்து உக்காந்திருக்குமே."

"உக்காந்துதான் இருக்கு," என்று முணுமுணுத்த மனைவியின் கை, மடித்த துணி மேலேயே நின்றது. "அப்படியே விட்டா என்னங்க ஆகும்? அந்த வண்டியை நம்பித்தான் அவங்க குடும்பமே இருக்கு."

அவர் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"நிக்கிற இடைவெளி ரொம்ப நீளமா இருக்கு. இது நல்லதில்ல. இப்படியே ஓட்டினா ஒரு நாள் நின்னது நின்னபடியே நின்னுடும். மறுபடி கெளம்பாது."

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்போ இன்னைக்கே காட்டணுமாப்பா?"

"இன்னைக்கே. சும்மா தட்டிப் பாத்துட்டு அனுப்பறவன்கிட்ட போகாதே. மெஷினை மாட்டி, ராத்திரி முழுக்க வேணும்னாலும் வச்சிருந்து பாக்கறவன்கிட்ட போ."

"அவர் வர மாட்டேன்னு வீம்பு பிடிச்சா?"

"அந்த மடையனை நாலு பேராப் பிடிச்சு, கட்டித் தூக்கிட்டுப் போங்க. கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லு. ஃபோர்மேன் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச ஒருத்தன் பொறந்து வரணும்."

மனைவி மடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையை உருவி எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"மாட்டிக்கிட்டுக் கெளம்புங்கப்பா, டாக்டர் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பாரு," என்றாள் மகள். "நேத்து நீங்க சோபாவுல தூங்கினப்ப அம்மா எடுத்த பதிவுதான் இது."