மேசை இல்லாத சபை

ஆப்பிரிக்கத் தலைநகர் ஒன்றின் நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார் எம்.எல்.ஏ. தணிகாசலம். அன்று கூட்டம் இல்லை. வழிகாட்டிப் பெண் அவரை உறுப்பினர் இருக்கையில் உட்காரவைத்து, மைக்கையும் போட்டுவிட்டாள்.

“இங்கேயாவது வாயைத் திறங்க. மூணு தடவை ஜெயிச்சும் நம்ம சபையில நீங்க பேசி நான் பார்த்ததில்லை,” என்று சொல்லிச் செல்போனில் வீடியோ எடுத்தாள் மனைவி செண்பகவல்லி.

தணிகாசலம் எழுந்தார், செருமினார். கட்சித் தலைவர் பேசும்போதெல்லாம் மேசையைத் தட்டிப் பழகிய கை மட்டும் தானாக உயர்ந்து இறங்கியது. அங்கே மேசையே இல்லை, வெறும் பெஞ்சுகள்தான். கை காற்றில் விழுந்தது.

“இங்க தலைவர் பேசினா எதைத் தட்டுவாங்க?” என்றார் திகைத்துப்போய்.

“அப்பாடா, பேசிட்டீங்க! அதுவும் கேள்வி!”

“ஐயையோ, அதை அழிச்சுடு. தலைவர் பார்த்துடப் போறார்.”

காலி இருக்கைகளுக்கெல்லாம் மைக் அதையும் கணீரென்று சொன்னது.