கத்தியின் எடையே போதும்

"என் கத்தியையும் கல்லையும் இந்த வீட்டுல யாரும் தொடக் கூடாது."

இப்படி அறிவித்த பிறகுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்கும். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவரும் அவர் மனைவியும். ஆகவே அந்த 'யாரும்' யார் என்பதில் குழப்பமே இல்லை.

பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் தர ஆய்வாளராக இருந்தவர். அடுத்தவர் விட்ட பிழையைக் கண்டுபிடித்து ஓரமாக எடுத்துவைப்பதே உத்தியோகம். தொழிற்சாலையை மூடியதும் ஐந்து மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தாடி கழுத்தை மறைத்தது. குளிக்கச் சொன்னாலும் சாப்பிடச் சொன்னாலும் ஒரே பதில்: "எழுந்து என்ன ஆகப்போகுது?"

ஒருநாள் கைப்பேசியில், யாரோ ஒருவர் பழைய மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டி முகம் மழிப்பதைப் பார்த்தார். அரை மணி நேரம் கண் இமைக்கவில்லை. மறுவாரமே கத்தி, தீட்டுக்கல், தோல்வார் மூன்றும் வந்து இறங்கின. அவரும் கட்டிலிலிருந்து இறங்கினார்.

அன்றிலிருந்து ஏழு வாரமாக ஒரே ஒழுங்கு. காலையில் சவரம். சாப்பாட்டு மேசையில் சொற்பொழிவு. பிறகு மறுநாளைக்காகக் கத்தியைத் தீட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு மத்தியானத் தூக்கம்.

"தீட்டறதுல சூட்சுமம் என்ன தெரியுமா? அழுத்தக் கூடாது. கத்தியோட எடையே போதும். முதுகும் கூரும் ஒண்ணாக் கல்லுல படுக்கணும். திருப்பறப்ப முதுகுமேலதான் திருப்பணும். உனக்குச் சொன்னா எங்க புரியப்போகுது?"

"எனக்கெங்க புரியும்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போவாள் மனைவி.

அவர் கன்னமோ கண்ணாடிபோல் இருந்தது. தெருவில் நடக்கும்போது கை தானாகவே தாடையைத் தடவிப் பார்த்தது. இரண்டு இடங்களில் வேலைக்கு மனுப் போட்டார். ஒன்றில் திங்கட்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவியின் தம்பி வந்தான்.

"அத்தான், நானும் ஒரு கத்தி வாங்கலாம்னு இருக்கேன். என் கண்ணு முன்னாடியே தீட்டி, ஷேவ் பண்ணிக் காட்டுங்களேன்."

கேட்க வேண்டுமா? நேற்றே தீட்டி வைத்திருந்த கத்தியை மைத்துனனுக்காக மறுபடியும் கல்லில் போட்டார். "அழுத்தவே கூடாது மச்சான்," என்று விரல் கணுக்கள் வெளுக்க வெளுக்க அரை மணி நேரம் தீட்டினார். தோல்வாரில் இழுத்தார். நுரை பூசினார். கன்னத்தில் வைத்தார்.

முதல் இழுப்பில் கத்தி முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. இரண்டாவதில் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவதில் ரத்தம்.

"இது ஷேவிங்கா, களையெடுப்பா அத்தான்?"

"யாரோ கல்லைத் தொட்டிருக்காங்க." சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "நீ தொட்டியா? நாளைக்கு எந்த மூஞ்சியோட நான் போய் அவங்க முன்னாடி உட்கார்றது? எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

மனைவி படிகாரக் கட்டியோடு வந்தாள். அதை நனைத்து அவர் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"தினமும் தொடறேன். நீங்க மத்தியானம் தூங்கினதும் எடுத்து, திரும்பத் தீட்டி வெச்சிடுவேன். இன்னிக்கு ஒருநாள்தான் தொடல."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

அவர் நுரையும் ரத்தமுமாக நின்றார். படுக்கையறைக் கதவு திறந்தே இருந்தது. நாலு எட்டு வைத்தால் கட்டில். போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. மனைவியும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு யாரு கத்துக்கொடுத்தா?" என்றார் கடைசியில்.

"வேற யாரு, நீங்கதான். ஏழு வாரமா என்னைச் சாப்பிட விடாம சொல்லிக்கிட்டிருக்கீங்களே. சொன்னது அத்தனையும் சரி. நான் அதைத்தான் செய்யறேன். நீங்கதான் செய்யறதில்ல."

அவர் கல்லைப் பார்த்தார். கோணலான ஒரு பாட்டிலைக்கூட வெளியே விட்டறியாதவர், இந்தப் பேச்சில் ஒரு கீறலாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கத்தியை அவள் கையில் கொடுத்தார்.

"காட்டு."

அவள் உட்கார்ந்தாள். கத்தி கல்லின்மேல் போய், முதுகில் புரண்டு, திரும்பி வந்தது. காகிதம் புரட்டுகிற அளவுக்குத்தான் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவர் விரல்களைப் பிடித்துக் கத்தியின்மேல் வைத்தாள்.

"அழுத்தாதீங்க. அதோட எடையே போதும்."

ஏழு வாரமாகத் தன் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்த வாக்கியம் அன்றுதான் அவர் காதுக்குள் போயிற்று.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மறுநாள் எழுந்திருப்பீங்களா?"

அவர் மறுபடி நுரை பூசினார். மிச்சமிருந்த கன்னத்தை அவள் தீட்டிய கத்தியால் மழித்தார். வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

"ரொம்ப..." என்று ஆரம்பித்து நின்றார். 'தேறாது' என்று சொல்லியே பழகிய வாய்க்கு அடுத்த சொல் சட்டென்று அகப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா."

பிடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அவள் முன்கையில், மணிக்கட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு முடிகூட இல்லை. நடுவே நூல் நூலாக ஆறிப்போன கீறல்கள்.

"என்ன இது?"

"கூர் வந்துச்சான்னு வேற எங்க வெச்சுப் பார்க்கறதாம்?" என்றாள் மனைவி. "உங்க கழுத்துலயா?"