புதன்கிழமை வேலை

"பதினாறு வீடு. பதினாறுலயும் எல்லாருக்கும் வேலை இருக்கா? ஏம்மா, நீ அந்தத் தெருவுக்குப் போனியா, இல்ல டீக்கடையில உட்கார்ந்து எழுதினியா?"

மேற்பார்வையாளர் படிவக் கட்டைத் தொப்பென்று மேசைமேல் போட்டார். எதிரே நின்ற பெண் சரிந்த படிவங்களைப் பிடித்து அடுக்கினாள். வேலையில்லாதவர்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. மூன்று மாத ஒப்பந்தம். அதைப் பிடிப்பதற்கே இரண்டு வருடம் நாயாய் அலைந்திருந்தாள்.

"சத்தியமா எல்லா வீட்டுக்கும் போனேன் சார்."

"மூணு மாசம் முன்னாடி அங்க பதினாறு வீட்டுலயும் ஒருத்தருக்கும் வேலை இல்லை. மில்லை மூடினதுல இருந்து ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தாங்க. இப்ப என்ன, வானத்தைப் பொத்துக்கிட்டு வேலை கொட்டுச்சா?"

"விதிப்படிதான் சார் கேட்டேன். போன ஏழு நாள்ல கூலிக்கு ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீங்களான்னு. எல்லாருமே பார்த்தோம்னாங்க."

விதி அப்படித்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவர் வேலையில் இருப்பவர். மீதி நூற்று அறுபத்தேழு மணி நேரமும் அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் படிவத்துக்குக் கவலை இல்லை.

"இதை இப்படியே அனுப்பினா ஆளுங்கட்சி, பார்த்தியா எங்க சாதனையைன்னு தம்பட்டம் அடிக்கும். எதிர்க்கட்சி, பொய்க் கணக்குன்னு நம்மைக் கிழிச்சுத் தொங்க விடும். வேலை இல்லாதவங்க எண்ணிக்கை கூடினா ரெண்டு பேரும் வசனத்தை மாத்திப் பேசுவாங்க, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் அடி வாங்கறது நாம. கிளம்பு, நேர்லயே பார்ப்போம். பொய்னு தெரிஞ்சா இன்னிக்கே உன்னை நிறுத்திடுவேன். வேலை இல்லாதவங்க பட்டியல்ல உன் பேரையாவது சேர்த்துக்கலாம்."

முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர்.

"போன வாரம் வேலை பார்த்தீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"பார்த்தேன் சார். புதன்கிழமை. நாலு மணி நேரம்." குரல் கரகரவென்று வந்தது.

"என்ன வேலை?"

"அது வந்து... வெளிவேலை."

"யார் கொடுத்தாங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தானே சார் கூலியே கொடுத்தாங்க!"

மேற்பார்வையாளர் திரும்பி அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத்தான் சொல்லிக் கொடுத்து வச்சிருக்கே."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல சார்!"

அடுத்த வீட்டுக்காரருக்குக் குரலே எழும்பவில்லை. அவர் நாலு விரலைக் காட்டினார், மனைவி பேசினாள். "புதன்கிழமை வேலையில தொண்டை சுத்தமாப் போயிடுச்சு சார். மூணு நாளா வெந்நீரும் சைகையும்தான். வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"தூசியா? சிமெண்ட் மூட்டை இறக்கினாரா?"

"தூசியும் இருந்துச்சுன்னுதான் சொன்னார். அதாவது, எழுதிக் காட்டினார்."

மூன்றாவது வீட்டில் பட்டதாரி ஒருவன். "எனக்கு ரெண்டு மணி நேரம்தான் சார். வெயில் தாங்காம மயங்கி விழுந்துட்டேன். ஆனா முழுக் கூலியும் கொடுத்தாங்க. விழுந்தது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு தனியாப் பாராட்டு வேற!"

"மயங்கி விழுந்தா பாராட்டற முதலாளியா? முப்பது வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு மகராசனை நான் பார்த்ததே இல்லையே!"

பத்தாவது வீட்டை முடிப்பதற்குள் அவர் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே புதன்கிழமை, ஒரே கரகரப்பு. என்ன வேலை என்று கேட்டால் மட்டும் ஒருவர் வாயும் திறக்காது. கூட்டாகச் சேர்ந்து அளக்கிறார்கள், வேறென்ன? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம்கூட வெட்கப்படாமல் அடுத்த கதவைப் போய்த் தட்டினாள். மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அன்னிக்கு என்ன வேலை பார்த்தீங்கன்னு சார்கிட்ட சொல்லிடுங்க. சொல்லலைன்னா இன்னியோட என் பொழப்பு போச்சு."

அம்மாள் தெருவின் இரு பக்கமும் நோட்டம் விட்டாள். "கண்ணைத் தொடைம்மா. ஒரு பொண்ணு வயித்துல அடிச்சுட்டு எனக்கு என்ன கூலி வேண்டியிருக்கு? சார், நாங்க வேலை பார்த்தது சத்தியம். வாயால சொல்ல மாட்டேன்னுதான் வாக்குக் கொடுத்திருக்கோம், சாமானைக் காட்ட மாட்டேன்னு யாரும் சொல்லலை. அடுத்த புதனும் வேலை இருக்காம். அதனால நீங்களே வச்சுக்குங்கன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க."

உள்ளே போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான கம்பை இழுத்து வந்தாள். அதன் நுனியில் ஆணியடித்திருந்த அட்டை நிலையில் இடித்தது. சாய்த்துப் பிடித்து வெளியே கொண்டுவந்து அவர் பக்கம் திருப்பினாள்.

மேற்பார்வையாளர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதைப் பிடிச்சதுக்கா கூலி?"

"ஆமா சார்."

"எல்லா வீட்டுக்குமா?"

"பதினாறு வீட்டுக்கும்."

அவர் பெருமூச்சு விட்டார். "மன்னிச்சுக்கம்மா. உன் கணக்கு சரிதான்" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி பதினாறு படிவத்திலும் 'வேலையில் இருக்கிறார்' என்ற கட்டத்துக்கு நேராக ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அட்டையில் சிவப்பு மையில், கொட்டை கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலை இல்லை! அரசே, பதில் சொல்!"