அப்பாவின் முறை

வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

யார் செருப்பு என்று கேட்கவில்லை. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த அந்தச் செருப்பை அவருக்குத் தெரியும். கட்டட வேலைக்குச் சேர்ந்து போன காலத்தில் இரண்டு பேர் செருப்பும் ஒரே சாரத்தின் அடியில்தான் கிடக்கும்.

உள்ளே அவர் மனைவியின் தம்பி சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவள்தான் ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாரோ என்று பயம்.

அவர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சாப்பிட்டியாடா?"

"இல்ல அத்தான்."

"ஜெபம் முடிச்சுட்டுச் சாப்பிடுவோம்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் பாயை விரித்தாள்.

தம்பி சாரம் கட்டுகிறவன். இவர் அதில் ஏறி நின்று சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒரு நாள் போனில் பேசுகிற அவசரத்தில் அவன் ஒரு முடிச்சை அரைகுறையாக விட்டுவிட்டு இறங்கிப் போனான். பலகை நழுவியது. இவர் வாளியோடு வந்து விழுந்தார்.

கால் மடங்காமல் போனதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் தலை தப்ப வேண்டும் என்று அவன் மேஸ்திரியிடம் சொன்னானே ஒரு சொல், அதுதான் உள்ளே இறங்கிவிட்டது.

"அத்தான் குடிச்சிருந்தாரு."

வாழ்நாளில் அதை வாயில் வைக்காத மனுஷன். சபையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூடக் கொஞ்ச நாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். வேலையும் போயிற்று. இப்போது ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து நிறம் கலக்குகிறார்.

அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற அந்த வரி வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார்.

"உதட்டையாவது அசைங்களேன். புள்ள பாக்குது," என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"மனசுல இல்லாததைச் சொன்னா அது ஜெபமில்ல, புளுகு. தினமும் அந்த எடம் வரைக்கும் போய் நின்னு பாக்குறேன். வர்ற அன்னைக்குச் சொல்லிடுறேன்."

நின்று பார்ப்பது என்றால் சும்மா இல்லை. அந்தக் கால் மடங்காது. ஒரு காலை நீட்டிக்கொண்டு மற்ற முழங்காலை ஊன்றித்தான் நிற்பார். வலியில் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். நாற்காலியைப் போட்டால் தள்ளிவிடுவார். "இதுல உக்காந்து பேசினா ஆண்டவர் என்னை முதலாளின்னு நினைச்சுக்குவார்."

அவள் என்ன செய்வாள்? அந்த வரி வந்ததும் தன் குரலை உயர்த்துவாள். ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைப்பதுபோல, அவருடைய மௌனத்துக்கு அடியில் தன் சத்தத்தை வைப்பாள்.

அப்படியும் மகள் கண்டுபிடித்துவிட்டாள். வாயாடி என்று பேர் வாங்கிய பிள்ளை. ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று கணீரென்று ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு போனவள், அந்த இடம் வந்ததும் வாயை இறுக மூடி, கொஞ்சம் காத்திருந்து, பிறகு தொடர்ந்தாளாம். மறந்துபோச்சா என்று டீச்சர் கேட்டதற்கு, "மறக்கல டீச்சர். அந்த எடத்துல ஒருத்தர் சும்மா இருக்கணும். வீட்டுல அது அப்பா முறை" என்றாளாம்.

பாட்டு அம்மா முறை, வசனம் மகள் முறை என்று பிரித்து வைத்திருக்கிற வீடு. பிள்ளை அதையும் ஒரு முறையென்று எடுத்துக்கொண்டது. அதைக் கேட்ட அன்றுதான் அவள் தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

பாட்டு முடிந்தது. வசனம் முடிந்தது. ஜெபம் தொடங்கியது.

தம்பி தரையில் நெற்றி படும்படி குனிந்திருந்தான். அவன் தலைக்குப் பக்கத்தில் அவருடைய நீட்டிய கால்.

அந்த வரி நெருங்கியது. அவள் வழக்கம்போலக் குரலை உயர்த்தத் தயாரானாள். கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள்.

நகக்கண்ணில் பச்சை பெயிண்ட் காய்ந்திருந்த ஒரு கை, தம்பியின் முதுகில் போய் உட்கார்ந்தது.

அவர் அந்த வரியைச் சொன்னார்.

சத்தமாக இல்லை. ஏணியில் இறங்குகிறவன் ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து மிதிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

தம்பியின் முதுகு குலுங்கியது.

இனி பாத்திரம் வைக்க ஒழுகல் இல்லை. இத்தனை நாளும் அவருக்காகக் கத்திய வரி, இப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

மடங்காத அந்தக் கால் கண்ணுக்கு நேரே கிடந்தது. பக்கத்தில் தம்பியின் தலை. தூக்கி வளர்த்த தலை. அந்த வாயிலிருந்துதான் 'குடிச்சிருந்தாரு' என்ற அந்தச் சொல் வந்தது.

சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது. எத்தனையோ நாள் அப்படித்தானே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் சொல்லாமல் நின்ற ஒரு மனுஷனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் அவள்.

உதட்டை மூடிக்கொண்டாள். அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள்.

ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தார்கள். அத்தானைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டது தம்பிதான்.

வாயாடி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இனிமே அது உன் முறையா?"