ஒற்றைத் தென்னை

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்மணிகளே. காத்துக் காத்துக் கால் மரத்துப்போனவர்களின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். சின்னக் கதைதான், காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன்.

“தென்னை தெரியுதா, சாப்?”

“நஹீ.”

“இப்ப?”

“அம்மா, நீங்க கேட்டு ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. தெரிஞ்சா நானே கத்த மாட்டேனா?”

பக்தவத்சலம் பைனாகுலரை இறக்கிக் கண்ணைக் கசக்கினார். அந்தமானில் அப்போதிருந்த அந்தச் சின்ன விமானத் தளத்தில் வானிலை பார்த்துச் சொல்வது அவர் வேலை. விடிந்ததிலிருந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அடித்த காற்றும் மழையும் ஓய்ந்துவிட்டன. ஆனால் மேகம் தரையிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

கேட்டவள் இந்திராணி. அவள் தோளில் சாய்ந்திருந்தவன் கணவன் கோவிந்தராஜ். பாராடாங் தீவில் மரம் அறுக்கும்போது சிராய் தெறித்து இடது கண்ணில் ஏறிவிட்டது. இன்று ராத்திரிக்குள் கல்கத்தாவில் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கண் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலில் போனால் நாலு நாள். விமானம் வாரத்துக்கு ஒன்று. அதுவும் இதோ எதிரிலேயே நனைந்துபோய் நிற்கிறது.

“ஏன் சார்,” என்று அவள் கேப்டன் இருதயநாதனிடம் திரும்பினாள். “நேத்து அவ்வளவு கடலையும் தாண்டி வந்தீங்க. இன்னைக்கு ஒரு தென்னமரம் தெரியலைன்னு உக்காந்திருக்கீங்களே!”

கேப்டன் தூத்துக்குடிக்காரர். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

“பாதி ஓடினப்புறம் ஒரு இஞ்சின் நின்னு போச்சுன்னு வைங்க, தாயி. மிச்ச ஓடுபாதை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நான் நிறுத்த முடியும். இல்லைன்னா நேரா கடல்தான். உங்க வீட்டுக்காரர் கண்ணு எனக்கும் முக்கியம். ஆனா உள்ள முப்பது பேர் உசிரு இருக்கு.”

“அதுக்கு அந்த மரந்தான் அடையாளமா?”

“புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு,” என்றார் பக்தவத்சலம். “‘ஓடுபாதை முடிவு, ஒற்றைத் தென்னை, முக்கால் மைல்.’ அது தெரிஞ்சா கிளம்பலாம். தெரியலைன்னா நான் ‘கூடாது’ன்னு எழுதணும். பத்து வருஷமா இதான் நடைமுறை.”

“மணி என்ன, சார்?” என்றான் கோவிந்தராஜ்.

“பத்தே முக்கால். பன்னெண்டுக்குள்ள கிளம்பணும். அதுக்கு மேல போனா ரங்கூன்ல இறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டு, இருட்டறதுக்குள்ள கல்கத்தா சேர முடியாது,” என்றார் கேப்டன்.

பொன்னம்மா இளநீர்க் குலையோடு உள்ளே வந்தாள். தளத்தைப் பெருக்குகிறவள். “சும்மா உக்காந்து என்ன செய்யப் போறீங்க? குடிங்க. காசெல்லாம் வேணாம்,” என்று ஆளுக்கொன்று சீவிக் கொடுத்தாள். கேப்டனுக்கு அது மூன்றாவது.

“போதும்மா, வயிறு இனிமே தாங்காது.”

“தலைவலிக்கு நல்லது சாப், குடிங்க,” என்றவள் மூலையில் போய் உட்கார்ந்தாள். பச்சை ஓலையைக் கிழித்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு உருவ ஆரம்பித்தாள்.

கோவிந்தராஜ் கட்டுப் போடாத கண்ணைச் சுருக்கினான். “அந்தப் பக்கம் கறுப்பா ஏதோ கொட்டகை தெரியுதே, சாப்?”

“ஒரு மணி நேரமாத் தெரியுது,” என்றார் பக்தவத்சலம். “ கூலிக்காரங்க போன மாசம் போட்ட தகரக் கொட்டகை. மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, யாரு அளந்தா? அது புஸ்தகத்துல இல்லை.”

“புஸ்தகத்துல ஏத்திக்கிட்டாத்தான் என்ன?” என்றாள் இந்திராணி.

“அதுக்கு மெயின்லேண்டுல இருந்து ஆர்டர் வரணும்மா.”

“அது கப்பல்ல வருமா, பிளேன்ல வருமா?”

கேப்டன் சிரித்துவிட்டார். பக்தவத்சலம் சிரிக்கவில்லை. மறுபடி பைனாகுலரைத் தூக்கினார். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. தென்னை வரவில்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “மன்னிச்சிடுங்க, தாயி. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லப் போறேன்.”

இந்திராணி அழவில்லை. பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தராஜ்தான் அவள் தலையைத் தடவினான். “விடு இந்திரா. இன்னொரு கண்ணு இருக்குல்ல. உன்னைப் பாக்க அது போதும்.”

பொன்னம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஈர்க்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “அப்படி உக்காராத தாயி. இன்னொரு இளநீ குடி. இன்னும் ரெண்டு குலை கிடக்கு, எடுத்தாரேன்.”

“எங்கேம்மா கிடக்கு?” என்றார் கேப்டன், கதவில் கை வைத்தபடியே.

“அட, அந்தக் கடைசியில ஒத்தைத் தென்னை நின்னுச்சே, சாப், அதுதான் ராத்திரிக் காத்துல கொட்டகைக்கு இந்தப் பக்கமா வேரோட சாஞ்சு கிடக்கே! காலையில இருந்து நீங்க குடிக்கிறதெல்லாம் பின்ன எந்த மரத்து இளநியாம்?”

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, தென்னை நின்ற இடத்தையும் தாண்டி அத்தனை நேரமும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு மேலே விமானம் பறந்தது. நீங்கள் காத்திருப்பதும் நேரத்தோடு உங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும், கண்மணிகளே. உங்கள் வீட்டில் ஒருவர் கண்ணும் கலங்காமல் இருக்கட்டும்.