கிழியாத சட்டை

ஓர் ஊசி, பழைய சட்டை ஒன்றைப் பல வருஷமாகத் தைத்துத் தைத்துக் காப்பாற்றி வந்தது. கிழிந்த இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டு, "கவலைப்படாதே, இன்னும் ரொம்ப நாள் தாங்குவே" என்று தைரியம் சொல்லும்.

எளிய வாழ்க்கையைப் பற்றிப் பேச வரும்படி எஜமானரை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். அவர் பழைய சட்டையின் ஒட்டுகளைப் பிரித்தெடுத்து, ஊசியில் நூல் கோத்து, புதுச்சட்டை ஒன்றின்மேல் வைத்துத் தைத்தார்.

"நான் எங்கேயும் கிழியலையே, எதுக்கு என்னைக் குத்துறே?" என்று கேட்டது புதுச்சட்டை.

ஊசிக்கு அவமானமாக இருந்தது. காதில் விழாததுபோல் தைத்துக்கொண்டே போனது.

கூட்டத்தில் கைதட்டல் ஓயவே இல்லை. வீடு திரும்பிய எஜமானர், வாசலில் ஓட்டை ஓட்டையாகக் கிடந்த பழைய சட்டையில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.